பன்னிரண்டு கிலோ

ஒச்சாயியின் மல்லி, பன்னிரண்டு கிலோ,
விடிகாலை நாலு நாற்பத்தொன்றுக்கு
மாட்டுத்தாவணியில் காணாமல் போனது.
பூ போகவில்லை. பூ விற்றுவிட்டது,
இந்நேரம் திருமங்கலத்தில்
யார் கொண்டையிலோ இருக்கும்.
போனது எண் மட்டும்.
புரோகிராம் எழுதியவள் நான்.

நாலு தராசு. தராசுக்கு ஒரு த்ரெட்.
பாடப்புத்தகத்தில் இழை என்று போட்டிருப்பார்கள்;
பூ மார்க்கெட்டில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால்
நாரா நூலா என்று கேட்பார்கள்.
நாலுக்கும் நடுவே ஒரே ஒரு ஆப்ஜெக்ட், பெயர் கணக்கு.
பைத்தானில் நகல் எடுத்துக் கொடுப்பதில்லை,
பெயரைத்தான் கொடுக்கிறோம்.
பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது,
ஒரு வீட்டுக்கு நாலு சாவி அடித்த மாதிரி.

இரண்டாம் தராசு கணக்கைப் பார்த்தது: முந்நூற்று நாற்பது.
மூன்றாம் தராசும் பார்த்தது: முந்நூற்று நாற்பது.
இரண்டாவது பன்னிரண்டைக் கூட்டி
முந்நூற்றைம்பத்திரண்டு என்று எழுதிவிட்டு நகர்ந்தது.
மூன்றாவது, கையிலிருந்த பழைய எண்ணோடு ஏழைக் கூட்டி
அதன் மேலேயே எழுதியது
முந்நூற்று நாற்பத்தேழு.

பொய் சொன்னவர் யாருமில்லை.
பன்னிரண்டு கிலோ இல்லை.

ரெங்கையன் ஒத்துக்கொள்ளவில்லை.
"ஒரே வரிதானே, நடுவுல எவன் நுழைவான்?"
ஒரே வரிதான்.
உள்ளே மூன்று வேலை: வாசி, கூட்டு, எழுது.
வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே
எவ்வளவு இடம் போதும் என்று
பெரியார் பஸ் ஸ்டாண்டில் காலையில் ஏறியவர்களுக்குத் தெரியும்.

ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன், தப்பு வரவில்லை.
வரிக்கு வரி பிரிண்ட் போட்டேன்,
ஆள் பார்த்தால் சமர்த்தாக உட்காரும் பிள்ளை.

பூட்டுப் போட்டேன்.
கணக்குக்கு ஒன்று. விலைக்கு ஒன்று.
மறுநாள் முகூர்த்தம்.
இரண்டாம் தராசு கணக்கைப் பூட்டிக்கொண்டு
விலைக்குக் காத்திருந்தது.
மூன்றாம் தராசு விலையைப் பூட்டிக்கொண்டு
கணக்குக்குக் காத்திருந்தது.
பிழைச்செய்தி இல்லை, ஒரு பீப் சத்தம்கூட இல்லை.
திரை மரியாதையாக நின்றது.
ஈரச் சாக்கில் மொட்டு வாய் திறக்க ஆரம்பித்தது.
திறந்தால் கிலோவுக்கு இருநூறு ரூபாய் கீழே.

இபுராகிம், கமிஷன் கடைப் பையன்,
என்னைவிட எட்டு வயது சின்னவன்,
ஏசவெல்லாம் இல்லை.
கம்ப்யூட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு
சீட்டுக் குத்தும் கம்பியை எடுத்து நடுவில் வைத்தான்.
தராசுக்காரர்கள் எழுதினார்கள், குத்தினார்கள், போனார்கள்.
உருவிக் கூட்டியது அவன் ஒருத்தன்.
"நோட்ட நான் எவன் கையிலயும் குடுக்குறதில்லக்கா."

கம்பியில் கடைசிச் சீட்டு மேலே இருக்கும்,
எனக்கு முதல் சீட்டு முதலில் வேண்டும்.
மற்றபடி அதேதான்.
அன்றிரவு க்யூ வைத்தேன்.
இப்போது நாலு த்ரெட்டும் கணக்கைத் தொடுவதில்லை,
சீட்டுப் போட்டுவிட்டுப் போகின்றன.
ஐந்தாவது ஒன்று உட்கார்ந்து கூட்டுகிறது.

ஒச்சாயி விஷயம் இருபது நாள் இழுத்தது.
லாக் ஃபைலில் அந்தப் பன்னிரண்டுக்குச் சாட்சி இல்லை,
அவள் வாய்தான்.
"எடை போடுறப்ப நான் பாத்தேன்ல?"
கடைசியில் பத்துக் கிலோவுக்குக் கொடுத்தார்கள்.

விளாங்குடி வீட்டில் நானும் அவரும்
நேற்று தனித்தனியாக ஃப்ரிட்ஜைத் திறந்தோம், பால் இல்லை.
ராத்திரி இரண்டு பாக்கெட் வந்தது, ஒன்று திரிந்தது.
இன்று அவர் வாங்குவார் என்று நான்.
நான் வாங்குவேன் என்று அவர்.
மழை தூறிக்கொண்டிருந்தது. கடுங்காப்பி போட்டோம்.

ஒரு வாய் குடித்துவிட்டு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
இரண்டு பேரும் சர்க்கரை போட்டிருந்தோம்.